புரட்சியின் மகள்களும் ஒரு மாட்டிறைச்சி ரசீதும்

"முன்னோர் பெயரைக் காட்டிச் சேரும் அமெரிக்கப் பெண்கள் சங்கம் குலப்பெருமை பேசும் கூட்டம்தானே, நம்மவர்கள் அதில் சேர முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். 'டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன்' என்ற சங்கத்தைத்தான் குறிப்பிடுகிறீர்கள் என்று கொள்கிறேன். எங்கள் தெருவில் வசிக்கும் எழுபது கடந்த அம்மையார் ஒருவர் அதில் சேர விண்ணப்பித்தபோது, அவருடைய பழைய தாள்களை ஸ்கேன் செய்து கொடுத்தவன் நான்.

பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற அமெரிக்கர்கள் நடத்திய புரட்சிப் போரின் வீரர்கள் வழிவந்த ஆண்கள் 1889இல் தொடங்கிய சங்கம் பெண்களைச் சேர்க்க மறுத்ததால், 1890 அக்டோபர் 11 அன்று பெண்கள் வாஷிங்டனில் தங்களுக்கென ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். அன்றைய குடியரசுத் தலைவரின் மனைவி கரோலைன் ஹாரிசன் அதன் முதல் தலைவரானார். 1898இல் ஸ்பெயினுடன் போர் மூண்டபோது, ராணுவத்திற்கான செவிலியர்களைத் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, மருத்துவர் அனிதா மெக்கீயின் தலைமையில் இந்தச் சங்கமே ஏற்றது.

அந்த அம்மையாரின் சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்கள் பரவிக் கிடந்தன. குடும்பக் கதை எதுவும் சங்கத்தில் செல்லாது. தலைமுறைக்குத் தலைமுறை பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குச் சான்று வேண்டும். ஒரு பாட்டியின் பெயர் ஒரு தாளில் எலிசபெத் என்றும் மற்றொன்றில் பெட்சி என்றும் இருந்ததால் சங்கிலி அறுந்து நின்றது. அவள் தந்தையின் உயிலில் "என் மகள் பெட்சி" என்ற வரிக்குப் பக்கத்தில் கணவன் பெயரும் இருந்ததைக் கண்ட பிறகே இருவரும் ஒருத்திதான் என்பது உறுதியானது. இத்தனைக்கும் அம்மையார் காட்டிய புரட்சிக் கால மூதாதை துப்பாக்கி தூக்கியவரே அல்லர், படைக்கு மாட்டிறைச்சி கொடுத்து ரசீது வாங்கியவர். அதுவும் தேசத் தொண்டாகவே ஏற்கப்படுகிறது.

உங்கள் ஐயத்திலும் நியாயம் இருக்கிறது. 1939இல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்குத் தங்கள் அரங்கைத் தர மறுத்தது இந்தச் சங்கம்தான். அதைக் கண்டித்து, அப்போதைய குடியரசுத் தலைவரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் உறுப்பினர் பதவியை விட்டு விலகினார். ஆண்டர்சனோ ஈஸ்டர் ஞாயிறன்று லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று சுமார் 75,000 பேர் முன்னிலையில் பாடினார். ஆவணங்களில் அறியப்பட்ட முதல் கறுப்பின உறுப்பினராகக் கேரன் ஃபார்மர் சேர்ந்தது 1977இல்தான். அவரும் தம் வம்சத்தைத் தாள்தாளாகத் தேடி, புரட்சிக் காலத்து வெள்ளை மூதாதை ஒருவர் வரை நிறுவித்தான் உள்ளே வந்தார்.

இன்று இனமோ மதமோ தடையில்லை. பதினெட்டு வயதும் இரத்தவழிச் சான்றும் போதும். ஆகவே தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய நம் பெண்கள் பெரும்பாலும் சேர முடியாது. ஆனால் மருமகளோ மருமகனோ அத்தகைய வம்சத்தைச் சேர்ந்தவராக இருந்தால், உங்கள் பேத்தி சேரலாம். பத்திரங்களை இப்போதே எடுத்து வையுங்கள், பெயர்களின் எழுத்துக்கூட்டலை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.