மீன்பிடிப் பூனையை ஏன் பாதுகாக்க வேண்டும்?

"புலி, சிறுத்தை சரி, ஒரு பூனைக்கு எதற்குத் தனிப் பாதுகாப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். மீன்பிடிப் பூனை வீட்டுப் பூனை இல்லை. அதைப்போல இரண்டு மடங்கு பெரிய காட்டு விலங்கு, தண்ணீரை நம்பி வாழ்வது. உள்மயிர் அடர்த்தியாக இருப்பதால் நீரில் இறங்கினாலும் தோல் எளிதில் நனையாது. விரல்களுக்கிடையே ஓரளவு சவ்வு உண்டு. கரையோரம் பொறுமையாகக் காத்திருந்து மீனைப் பிடிக்கும், தேவைப்பட்டால் முழுகியும் பிடிக்கும்.

சிக்கலும் அங்கேதான். சதுப்புநிலமும் அலையாத்திக் காடும் போனால் இதற்கு வேறு போக்கிடம் இல்லை. நாமோ அவற்றை வீண் நிலம் என்று நினைத்து மண்ணடித்து மனை போடுகிறோம், இறால் பண்ணை வெட்டுகிறோம். அப்புறம் அது கோழியையோ வலை மீனையோ தேடி வந்தால் அடித்துக் கொல்கிறோம். சிறுத்தைக்குட்டி என்று பயந்து கொல்வதும் நடக்கிறது. இலங்கையில் சாலையில் அடிபட்டுச் சாவதும் அதிகம்.

இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இது இருக்கிறது. மேற்கு வங்கத்தின் மாநில விலங்கும் இதுதான். ஆனால் வங்கத்திலும் ஒடிசாவின் சில்கா ஏரிப் பக்கமும் இவற்றில் பல வாழ்வது சரணாலயங்களுக்கு வெளியே, ஊர்களை ஒட்டிய நாணல் காடுகளில். கொழும்பு நகரச் சதுப்புகளிலும் இவை உண்டு. அதனால் சட்டத்தைவிட, அந்த நிலத்தை விட்டுவைப்பதுதான் முக்கியம் என்பேன். வெள்ளத்தை உறிஞ்சி நம் ஊர்களைக் காப்பதும் அதே சதுப்புதான்.