மீன் தொட்டியில் பாஸ்பேட் ஏறிவிட்டதா? மருந்துக்கு முன் டிரம்மையும் தீவன டப்பாவையும் பாருங்கள்

கேள்வி: நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கிறேன். வீட்டு ஹாலில் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து 6 தங்கமீன் வளர்க்கிறோம். 2 வருடம் பிரச்சினை இல்லை. இந்தக் கோடையிலிருந்து கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. துடைத்தால் நாலே நாளில் திரும்பப் படர்கிறது. டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்ததில் பாஸ்பேட் 5 பிபிஎம் (லிட்டருக்கு 5 மில்லிகிராம்) காட்டியது. ஊற்றுவது போர் தண்ணீர்தான். சொட்டுநீருக்கு உரம் கரைக்கிற நீல டிரம்மை அலசிவிட்டு, அதில் பிடித்து வைத்து ஊற்றுகிறேன். காலை, மாலை தீவனம். மகள் பள்ளி விட்டு வந்ததும் அவள் பங்குக்கு ஒரு தடவை. கடையில் ஏதோ ஒரு திரவம் கொடுத்து, ஒரே நாளில் பாஸ்பேட் இறங்கிவிடும் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் படிகாரம் போடச் சொல்கிறார். தண்ணீரை மொத்தமாக இறைத்துக் கழுவிவிடலாமா? மீன் சாகாமல் என்ன செய்வது?

பதில்: முதலில் ஒரு விஷயத்தில் நிம்மதியாக இருங்கள். நல்ல தண்ணீர்த் தொட்டியில் 5 பிபிஎம் பாஸ்பேட் மீனைக் கொல்லாது. பாசிக்குத் தீனி ஆகும், தொட்டி அசிங்கமாகும், அவ்வளவுதான். மீன் சாவதெல்லாம் பெரும்பாலும் பாஸ்பேட்டை ஒரே நாளில் இறக்கப் போகிற அவசரத்தில்தான். அதனால் கடைத் திரவம், படிகாரம், மொத்தமாக இறைப்பது என்று நீங்கள் கேட்ட மூன்றுமே இப்போதைக்கு வேண்டாம். எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து அதை அடைத்துவிட்டு, மெதுவாக இறக்குவோம்.

இன்றே செய்ய வேண்டியது ஒரு சின்னச் சோதனை. மூன்று கிளாஸ் எடுங்கள். ஒன்றில் போர் குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீர், ஒன்றில் அந்த நீல டிரம்மில் ஒரு ராத்திரி நின்ற தண்ணீர், ஒன்றில் தொட்டித் தண்ணீர். மூன்றையும் அதே கிட்டில் பாருங்கள். சோதனைக் குப்பியைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவ வேண்டாம், சில சோப்புகளிலேயே பாஸ்பேட் உண்டு. எந்தத் தண்ணீரைச் சோதிக்கிறீர்களோ அதே தண்ணீரில் மூன்று முறை அலசினால் போதும். நீல நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவதைப் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் 2-க்கும் 5-க்கும் வித்தியாசம் தெரியாது. கிட் பெட்டியில் எழுதியிருப்பது பாஸ்பேட்டா, வெறும் பாஸ்பரஸா என்றும் பாருங்கள். பாஸ்பரஸ் கணக்கில் காட்டும் கிட் என்றால் அந்த எண்ணை 3.07-ஆல் பெருக்கினால்தான் பாஸ்பேட் அளவு வரும்.

என் சந்தேகம் முதலில் அந்த டிரம் மேல்தான். போர் தண்ணீரில் பாஸ்பேட் பொதுவாக அதிகம் இருக்காது. வயலில் போட்ட டிஏபி உரத்தில் உள்ள மணிச்சத்தை, அதாவது பாஸ்பேட்டை, மண்ணே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது உங்களுக்கே தெரியும். யூரியாவின் தழைச்சத்து (நைட்ரஜன்) போல அது கீழே இறங்கி ஓடிவிடாது. ஆனால் டிரம் கதை வேறு. சொட்டுநீரில் விடுகிற 12:61:00 உரத்தை (12 சதவீதம் தழைச்சத்து, 61 சதவீதம் மணிச்சத்து) எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1 கிராம், அதாவது கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு, டிரம்மின் அடி ஓரத்திலோ குழாய் பொருத்தும் மரையிலோ ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். உங்கள் தொட்டியில் கல்லும் மேல் இடைவெளியும் போக சுமார் 170 லிட்டர் தண்ணீர் இருக்கும். அந்த 1 கிராம் அதில் கரைந்தால் பாஸ்பேட் கிட்டத்தட்ட 5 பிபிஎம் ஏறிவிடும். உங்கள் கிட் காட்டிய எண் அதுதான். இது தற்செயலாகவும் இருக்கலாம், மூன்று கிளாஸில் தெரிந்துவிடும்.

அந்த உரத்தில் பாஸ்பேட்டை விட எனக்குப் பயம் அதிலுள்ள அமோனியம். அந்த 12 என்ற எண் முழுக்க அமோனியத் தழைச்சத்து. பாஸ்பேட் தாங்குகிற மீன் அமோனியாவைத் தாங்காது. ஆகவே சோதனை முடிவு எப்படி வந்தாலும் டிரம் இனி தோட்டத்துக்கு மட்டும். தொட்டிக்கென்று ஒரு புது வாளி, ஒரு மக், ஒரு குழாய் தனியாக வையுங்கள். உரமோ பூச்சிமருந்தோ சோப்போ படாத வாளியாக இருக்க வேண்டும்.

அடுத்தது தீவனம். டிரம்மில் குற்றமில்லை என்று வந்தாலும் இங்கே உண்டு. குருணைத் தீவனத்தில் மீன் தூள் சேர்த்திருப்பார்கள். மீன் தூளில் முள்ளும் எலும்பும் அரைபட்டிருக்கும். எலும்பு என்றாலே கால்சியம் பாஸ்பேட். தீவனத்தில் பாஸ்பரஸ் 1 சதவீதம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 1 கிராம் தீவனத்தில் 30 மில்லிகிராம் பாஸ்பேட்டுக்கான சரக்கு இருக்கிறது. நாளைக்கு 4 கிராம் போட்டால் 120 மில்லிகிராம். கொஞ்சம் மீன் உடம்பில் சேரும், கொஞ்சம் கழிவாக அடியில் படியும், மிச்சம் தண்ணீரில் கரையும். தங்கமீனிடம் ஒரு விசேஷம், அது கெண்டை இனம், அதற்கு இரைப்பை கிடையாது. எலும்புப் பாஸ்பேட்டைக் கரைக்கிற அமிலமும் சுரக்காது. அதனால் மற்ற பல மீன்களை விட இதில் வாயால் போன பாஸ்பரஸில் பெரும்பங்கு அப்படியே பின்னால் வெளியே வந்துவிடும். 6 தங்கமீனுக்கு மூன்று வேளைத் தீவனம் போட்டு பாசியைத் துடைத்துக்கொண்டிருப்பது முடிகிற வேலை இல்லை.

மகளிடமிருந்து டப்பாவைப் பிடுங்க வேண்டியதில்லை. போடுவது அவள் வேலையாகவே இருக்கட்டும், அளவு உங்கள் வேலை. ஒரு நாளைக்கான தீவனத்தைக் காலையிலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். அது தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ஒரு வேளைக்குப் போட்டது 2 நிமிடத்தில் தீர வேண்டும், ஒரு குருணைகூடத் தரையில் கிடக்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் தீவனமே வேண்டாம். தங்கமீன் கண்ணாடியில் வந்து முட்டி வாயைத் திறந்து திறந்து காட்டும். அது பசியில்லை, பழக்கம். இன்னொரு நாள் தோலுரித்த வெந்த பச்சைப் பட்டாணி கொடுங்கள். உறைய வைத்த புழுத் தீவனம் போடுகிறீர்கள் என்றால், அது உருகிய சாற்றை வடித்துவிட்டுப் புழுவை மட்டும் போடுங்கள்.

தொட்டியில் 'பிஎச் குறைக்கும்' (பிஎச் என்பது தண்ணீரின் அமில-கார அளவு) பொடியோ சொட்டுமருந்தோ எப்போதாவது ஊற்றினீர்களா? அவற்றில் பல, பாஸ்பாரிக் அமிலத்திலோ பாஸ்பேட் உப்பிலோ செய்தவை. ஊற்றியிருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

இனி இறக்கும் வேலை. இதற்குத் தண்ணீர் மாற்றுவதை விடப் பத்திரமான வழி இல்லை, ஆனால் கால் பங்குதான். உங்கள் தொட்டிக்கு 15 லிட்டர் வாளியில் 3 வாளி எடுத்து 3 வாளி ஊற்றுங்கள். வாரம் இரண்டு முறை. பாஸ்பேட் இல்லாத தண்ணீர் ஊற்றினால் 5 என்பது 3.75 ஆகும், பிறகு 2.8, 2.1, 1.6, ஐந்தாவது மாற்றத்தில் 1.2. காகிதத்தில் இரண்டரை வாரம். நடப்பில் ஒரு மாதம் ஆகும், ஏனென்றால் கல்லுக்கு அடியில் தங்கிய மண்டி திரும்பத் திரும்பக் கொஞ்சம் விட்டுக்கொண்டே இருக்கும். மாற்றிய மறுநாள் எண் மறுபடி ஏறியிருந்தால் கிட் பொய் சொல்கிறது என்று நினைக்க வேண்டாம்.

மொத்தமாக இறைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். கல்லிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் குடியிருக்கிற பாக்டீரியாதான் அமோனியாவைத் தின்று மீனைக் காப்பாற்றுகிறது. எல்லாவற்றையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவினால் அது போய்விடும். இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. பழைய தொட்டியில் தண்ணீர் நாளடைவில் அமிலப் பக்கம் சரிந்திருக்கும், அமோனியாவும் தேங்கியிருக்கலாம். பிஎச் 7-ல் அமோனியாவின் மிகச் சிறு பங்குதான் விஷ வடிவில் இருக்கும். அதே தண்ணீர் பிஎச் 8-க்குப் போனால் அந்தப் பங்கு சுமார் 10 மடங்காகும். கடினமான போர் தண்ணீரைத் திடீரென்று முக்கால் தொட்டி ஊற்றினால் நடப்பது இதுதான். புதுத் தண்ணீர் ஊற்றிய ஒரு மணி நேரத்தில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். வீட்டில் தண்ணீர் சரியில்லை என்பார்கள். முதல் மாற்றத்துக்கு முன்னால் அமோனியாவும் பிஎச்சும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அமோனியா காட்டினால் முதல் வாரம் கால் பங்கையும் குறைத்து ஒரு வாளி ஒரு வாளியாகத் தினமும் மாற்றுங்கள்.

எடுக்கிற தண்ணீரை மேலாக மொண்டு எடுக்காமல், சைஃபன் குழாயைக் கல்லுக்குள் குத்தி அடிமண்டியோடு உறிஞ்சி எடுங்கள். ஒரு தடவைக்குத் தரையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும். குழாய் இறங்கிய இடத்தில் பழுப்பாகப் புகை மாதிரி எழும்பும். அந்தப் புகைதான் உங்கள் பாஸ்பேட் கிடங்கு. ஸ்பாஞ்சை, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து எடுங்கள். அழுக்கான ஃபில்டர் உள்ள வீட்டில் கரண்ட் பல மணி நேரம் போனால், உள்ளே காற்றில்லாமல் மண்டி புளித்து, பிடித்து வைத்த பாஸ்பேட்டைக் கக்கிவிடும். நீண்ட மின்தடைக்குப் பிறகு ஃபில்டரை அலசாமல் சுவிட்ச் போடாதீர்கள்.

படிகாரம் பற்றி. பாஸ்பேட்டை அது பிடித்து இழுப்பது உண்மை, குடிநீர் நிலையங்களிலும் கழிவுநீர் சுத்திகரிப்பிலும் அதன் வேலை தெரிந்ததுதான். ஆனால் அங்கே மீன் இல்லை. படிகாரம் கரையும்போது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்று பிஎச்சை இறக்கும். பிஎச் 6-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து நின்று செவுளைப் பிடிக்கும். சுண்ணாம்பு சொல்லுகிறவர்களும் உண்டு; அது பிஎச்சை மேலே தூக்கி, நான் மேலே சொன்ன அமோனியாவை விஷமாக்கும். கடைத் திரவம் பெரும்பாலும் லாந்தனம் குளோரைடாக இருக்கும், லேபிளில் பாருங்கள். பாஸ்பேட்டைப் பிடித்து வெண்மையான நுண்தூளாக்கும். அந்தத் தூளை மிக நுண்ணிய வடிகட்டிப் பையில் பிடிக்காவிட்டால் மீனின் செவுளில் போய் அமரும். பவளத் தொட்டி வைத்திருக்கும் அனுபவசாலிகள் அதைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஹாலில் 6 தங்கமீனுக்கு அது தேவையே இல்லை.

செடி உதவும், மெதுவாக. தங்கமீன் தண்ணீரில் விட்ட கீரை எதையும் விட்டு வைக்காது. அசோலாவை (தண்ணீரில் மிதக்கும் சின்னப் பெரணிச் செடி) தொட்டியில் விட்டால் தின்று, சேர்த்த பாஸ்பேட்டை மறுபடி தண்ணீரிலேயே போட்டுவிடும். அதற்குப் பதில் மேலே தொங்கும் ஃபில்டர் பெட்டிக்குள் மணி பிளான்ட் தண்டுகளின் வேர் மட்டும் நனையும்படி செருகுங்கள், இலை வெளியே இருக்கட்டும். பழுத்த இலையை உடனே கிள்ளி எறியுங்கள். அசோலாவை, எடுத்த தொட்டித் தண்ணீரில் கொல்லைப்புறத் தொட்டியில் வளர்த்துக் கோழிக்குப் போடலாம். அசோலா குழிக்குச் சூப்பர் பாஸ்பேட் போடுகிறவர்கள் நாம். அந்தத் தண்ணீர் அதற்குப் பிடிக்கும். மணிச்சத்து தீர்ந்தால் அசோலா சிவந்துபோய்ச் சொல்லிவிடும்.

பாசிக்குப் பாஸ்பேட் மட்டும் காரணமில்லை, வெளிச்சமும் பாதி. லைட்டை நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள், ஜன்னல் வெயில் தொட்டியில் விழுந்தால் திரை போடுங்கள். எண்ணை 1 பிபிஎம் பக்கத்தில் கொண்டுவந்தால் போதும். இணையத்தில் 0.03 என்று படித்துப் பதற வேண்டாம், அது கடல் பவளத் தொட்டிக் கணக்கு.

இவ்வளவும் செய்து ஒரு மாதம் கழித்தும் 3-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அப்போது இரும்பு ஆக்சைடு குருணை வாங்குங்கள். கடையில் ஜிஎஃப்ஓ என்று கேட்டால் தருவார்கள், துரு நிறத்தில் இருக்கும். லேபிளில் போட்டதில் பாதி அளவு போதும். துருத் தூள் போகும் வரை வாளியில் அலசி, துணிப் பையில் கட்டி, ஃபில்டரில் தண்ணீர் ஓடும் இடத்தில் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை கிட்டில் பாருங்கள். இறங்கிக்கொண்டிருந்த எண் நின்றுவிட்டாலோ திரும்ப ஏறினாலோ பை நிரம்பிவிட்டது என்று அர்த்தம்; அதைக் கழுவிப் போட முடியாது, புதிதுதான் போட வேண்டும். மூன்று கிளாஸின் எண்களையும் அமோனியா, பிஎச் அளவையும் எழுதி அனுப்புங்கள், டிரம்மா தீவனமா என்று பார்த்துச் சொல்கிறேன்.