படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் பெட்ரோல் குழாய்க்கு எந்த கனெக்டர் வாங்குவது?

முதலில் மோட்டாரின் பிராண்டைப் பாருங்கள். யமஹா, மெர்குரி, ஹோண்டா என்று ஒவ்வொன்றுக்கும் கனெக்டர் வேறு. பெரும்பாலும் ஒன்று இன்னொன்றில் பூட்டாது. டேங்க் பக்கம் இன்னொரு வகை இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஹோஸின் உள்விட்டம். 1/4, 5/16, 3/8 அங்குலம் என்று வரும்; கனெக்டரின் வாலும் (ஹோஸுக்குள் நுழையும் முனை) அதே அளவில் இருக்க வேண்டும். பெரிய ஹோஸைச் சின்ன வாலில் மாட்டி, கிளாம்பை இறுக்கிச் சமாளிக்கவே வேண்டாம். சொட்டுப் பெட்ரோல்கூட ஒழுகாமல் காற்று மட்டும் உள்ளே புகும், அதுதான் தொல்லை. முழு வேகத்தில் எஞ்சின் திணறும். ஹோஸில் இருக்கும் பல்பை, அதாவது கையால் அழுத்திப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் உருண்டையைத் தொட்டால் தொளதொளவென்று இருக்கும்.

கனெக்டருக்குள் இருக்கும் ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) நகத்தால் அழுத்திப் பாருங்கள். விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். மாட்டியதும் பல்பை இறுகும்வரை அழுத்தி, இணைப்பை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரமோ பெட்ரோல் வாடையோ துணியில் இருக்கக் கூடாது.