இரும்பு வேலைக்கு மகனை விடலாமா?

அன்புள்ள ஐயா,
மகன் ஏ/எல் (உயர்தரம்) தொழில்நுட்பப் பிரிவில் படித்தவன். கம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைக்கவில்லை. கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் பயிலப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "இவ்வளவு படித்துவிட்டு இரும்படிக்கவா?" என்கிறார் இவர். நாளைக்கு அதையும் ரோபோ செய்துவிடும் என்கிறார்கள். துறைமுகம் பற்றி எழுதுகிறவர் நீங்கள், என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு தாய், கொட்டாஞ்சேனை

அன்புள்ள அம்மா,

அனுப்புங்கள். தயங்கவே வேண்டாம்.

கப்பலின் முன்பக்கம் நீருக்கடியில் திரண்டு நிற்கும் மூக்கைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதற்கான தகட்டை ரோலரில் கொடுத்தால் ஒரு திசையில்தான் வளையும். மற்றத் திசைக்கு நெருப்பும் தண்ணீரும் வேண்டும். தொழிலாளி கேஸ் டார்ச்சால் தகட்டின்மேல் கோடு கோடாகச் சூடேற்றிக்கொண்டு போவார், பின்னாலேயே தண்ணீர் விழும். சூடான இரும்பு விரியப் பார்க்கும், சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விடாது. ஆறும்போது அந்த இடம் முன்பிருந்ததைவிடச் சுருங்கித் தகட்டை இழுத்து வளைக்கும். வேண்டிய வளைவில் செய்த மரச்சட்டத்தைத் தகட்டின்மேல் வைத்துப் பார்ப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் இன்னொரு கோடு. எங்கே கோடு போடுவது, டார்ச்சை எந்த வேகத்தில் நகர்த்துவது என்பதெல்லாம் வருடக்கணக்கில் கைக்கு வருகிற அறிவு. இதை இரும்படிப்பது என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வெல்டருக்கோ இதே சுருக்கம்தான் எதிரி. ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் தகடு முறுக்கிக்கொள்ளும். அதனால் நடுவிலிருந்து வெளியே, மாற்றி மாற்றி ஒட்டுவார்கள். வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 100 மீற்றர் உருக்கு 10 பாகை சூடானால் ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் நீளும். மேல்தளம் மட்டும் காய்ந்தால் கப்பலே வளையும். புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் (தண்டு) நேராக இருக்கிறதா என்று பார்ப்பதை இரவிலோ விடியற்காலையிலோ வைத்துக்கொள்வது அதனால்தான்.

ரோபோ வராது என்று சொல்லமாட்டேன். நீண்ட நேரான ஒட்டுகளை இயந்திரம் இப்போதே அழகாகச் செய்கிறது. ஆனால் கொழும்பில் திருத்த வேலை நிறைய. 1974இல் தொடங்கிய கொழும்பு டொக்யார்டில் நான்கு உலர்துறைகள் (கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை இறைத்துவிட்டு வேலை செய்யும் இடங்கள்) இருக்கின்றன, பெரியது 125,000 தொன் சுமக்கும் கப்பலையும் ஏற்கும். பழுதாகி வரும் ஒவ்வொரு கப்பலும் வேறு வேறு இடத்தில் துருப்பிடித்திருக்கும். அடித்தளத்து அறைக்குள் ஊர்ந்து போய்ப் பார்த்து, இதை வெட்டலாம், இதை விடலாம் என்று தீர்மானிக்க மனிதன் வேண்டும். புதுக் கப்பலும் இங்கே கட்டுகிறார்கள். லட்சத்தீவுக்காரர்கள் ஏறிப்போகும் 'கோரல்ஸ்', 'லகூன்ஸ்' இரண்டும் இங்கே கட்டியவைதான்.

நமக்கும் இந்தத் தொழில் புதிதில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை போய்ச் சேர்ந்தது.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. கப்பலின் மூடிய தாங்கிக்குள் (டாங்க்) வெல்டிங் செய்வது உயிராபத்தான வேலை. இறங்குமுன் காற்றைச் சோதிக்கிறார்களா, காற்றோட்டம் வைக்கிறார்களா, வெளியே காவலுக்கு ஆள் நிற்கிறாரா என்று கேளுங்கள். பயிற்சி முடிவில் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் உண்டா என்பதையும் கேளுங்கள். அப்புறம், தட்டையாக ஒட்டத் தேறியவரைத் தலைக்கு மேல் ஒட்ட விடமாட்டார்கள், அதற்குத் தனிப் பரீட்சை. அந்தப் பரீட்சைகளுக்கும் பிள்ளையை அனுப்புவார்களா என்று சேருமுன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.