கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பை எப்படி வளர்க்கிறது?

"பணம் இருந்தால் வாங்கிவிடலாமே, இதில் என்ன கஷ்டம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல அருங்காட்சியகங்களில் விலைக்கு வாங்குவதைவிட நன்கொடையாகவும் உயில் வழியாகவும் வந்து சேர்வதே அதிகம். சிக்கலும் அங்கேதான். பணக்காரச் சேகரிப்பாளர்களுக்குப் பிடித்ததுதான் சுவரில் தொங்கும். பெண்களும் கறுப்பினக் கலைஞர்களும் விடுபட்டுப்போவார்கள்.

இதைச் சரிசெய்ய சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் 2019-இல் துணிந்து ஒன்று செய்தது. தன்னிடமிருந்த, புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோவின் ஓவியங்களில் 1960-இல் வரைந்த ஒன்றை ஏலத்தில் விட்டது. சுமார் 5 கோடி டாலருக்குப் போனது. அந்தப் பணத்தில் கறுப்பினப் பெண் ஓவியர் ஆல்மா தாமஸ், பிரேசில் பெண் கலைஞர் லிஜியா கிளார்க் போன்றோரின் படைப்புகளை வாங்கியது. அமெரிக்காவின் பால்டிமோர் கலை அருங்காட்சியகமோ, 2020 முழுவதும் பெண்களின் படைப்புகளை மட்டுமே வாங்குவதாக அறிவித்தது. விற்பனையைத் திட்டுபவர்கள் உண்டு. கிடங்கில் தூங்கும் படத்தைவிட இது மேல் என்பது என் கட்சி. ஆனால் அமெரிக்க அருங்காட்சியக இயக்குநர் சங்க விதிப்படி, படம் விற்ற பணத்தில் கரண்ட் பில் கட்ட முடியாது.

ஒரு படைப்பு எப்படி வந்தாலும், அது முன்பு யார் யாரிடம் இருந்தது என்று துருவுவார்கள். ஐரோப்பிய ஓவியத்துக்கு 1933 முதல் 1945 வரை கணக்கு இல்லையென்றால், நாஜிகள் பறித்ததோ என்ற சந்தேகம் வந்துவிடும்.