லயமும் ஆயில் பெயிண்டும் – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைவரிசையையும், ரப்பர் ஷீட்டைப் புகையூட்டும் பழைய புகைக்கொட்டகையையும் வெளியில் நின்றே ஆயில் பெயிண்டில் வரைவதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கிள்ளானில் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன். அம்மா பிறந்து வளர்ந்தது கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அங்கே தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடு, ஒரு லயம் மட்டும் ஆள் இல்லாமல் இன்னும் நிற்கிறது. அதையும் இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் வரைந்தேன்.

நிறைய சிக்கல். பத்தரைக்கெல்லாம் எல்லாம் வெளுத்துப் போகிறது. மூன்று வாரமாகியும் பெயிண்ட் காயவில்லை. பூச்சி வந்து ஒட்டிக்கொள்கிறது. அங்கே நன்றாகத் தெரிந்த படம் வீட்டில் வைத்துப் பார்த்தால் இருட்டடித்துக் கிடக்கிறது. பேசாமல் கைபேசியில் படம் பிடித்து வந்து, வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வரைந்தால் என்ன?

இன்னொன்று. முடித்த படத்தை அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகாவா இருந்துச்சு அந்த வீடு?" என்று கேட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அவர்கள் பட்ட கஷ்டத்தை நான் சுவரில் மாட்டும் படமாக்கிவிட்டேனா?

அன்புடன்,
ஒரு வாசகன், கிள்ளான்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அம்மா கேட்டது இரண்டு நாளாக எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்கு வருகிறேன். பெயிண்ட் காயாமல் கிடக்கும்போது அதை நிதானமாகப் பேச முடியாது, அதனால் முதலில் கைவேலையைப் பார்த்துவிடுவோம்.

ஆயில் பெயிண்ட் துணி காய்வதுபோல் காய்வதில்லை. ஆவியாகிப் போக அதில் தண்ணீர் இல்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகுகிறது. கதவடைத்த அறையில், அலமாரிக்குப் பின்னால் வைத்தால் வாரக்கணக்கில் ஒட்டும். இருட்டில் எண்ணெய் மஞ்சளாகவும் ஆகும். வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள். எல்லா நிறமும் ஒரே வேகத்தில் காய்வதும் இல்லை. அம்பர் என்ற பழுப்பு நிறத்தில் மாங்கனீசு இருப்பதால் அது சீக்கிரம் காயும். கேட்மியம் சிவப்பும் ஐவரி கறுப்பும் இழுத்தடிக்கும். முதல் நாளே கெட்டியாக அப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கீழே மெலிதாக, எண்ணெய் குறைவாகப் போடுங்கள், கனமான பூச்சு மேலே வரட்டும். அவசரமென்றால் சீக்கிரம் காயவைக்கும் ஆல்கிட் மீடியம் கொஞ்சம் கலந்தால் ஓரிரு நாளில் கையில் ஒட்டாத அளவுக்கு வந்துவிடும். நான் கேன்வாஸ் துணிக்குப் பதில் பிளைவுட் துண்டில்தான் வரைகிறேன். நம் ஊர் ஈரத்துக்குக் கேன்வாஸ் தொய்ந்துபோகும்.

படம் வீட்டில் இருட்டாகத் தெரிவதற்குக் காரணம், வரையும்போது பலகை வெயிலில் இருந்திருக்கிறது. வெயில் பட்ட பலகையில் எல்லா நிறமும் வெளிச்சமாகத் தெரியும், கை தானாகவே அடர்ந்த நிறத்தைத் தேடிப் போகும். பலகை, வண்ணத்தட்டு இரண்டும் நிழலில் இருக்கட்டும். குடை பிடித்தால் கறுப்புக் குடை. சிவப்புக் குடைக்குக் கீழே நின்றுகொண்டு பச்சையைக் கலக்க முடியாது. பச்சை என்றதும் ஞாபகம் வருகிறது: டியூபிலிருந்து வரும் பச்சையை அப்படியே பூசாதீர்கள். ஐவரி கறுப்பில் லெமன் மஞ்சளைக் கலந்து பாருங்கள். செம்பனை மட்டையின் அந்த மங்கிய பச்சை அப்படியே வரும்.

பூச்சியை விடுங்கள். ஈரத்தில் பிய்த்து எடுக்கப்போனால்தான் படம் கெடும், காய்ந்தபிறகு தட்டிவிட்டால் போதும். ஓவியர் வான்கோ 1889-இல் வரைந்த ஒலிவ மரங்கள் படத்தில் ஒரு வெட்டுக்கிளியின் உடல் பெயிண்டுக்குள் பதிந்திருப்பதை அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்று 2017-இல் அறிவித்தது. வெளியில் நின்று வரைந்தால் இது நடக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் காடியின் (காரின்) பின்னால் போட்டுவைக்காதீர்கள். இறுகும்போது ஆளிவிதை எண்ணெய் சூட்டை விடுகிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய டின்னில் போட்டு மூடுங்கள்.

சரி, கைபேசிப் படம். நினைவுக்கு எடுத்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை, நானும் எடுக்கிறேன். ஆனால் அந்தப் புகைக்கொட்டகையை வரைந்தபோது நடந்ததைச் சொல்லவேண்டும். கைபேசிப் படத்தில் அதன் வாசல் வெறும் கறுப்பு ஓட்டை. நேரில் நின்றால் அந்தக் கறுப்புக்குள் பழுப்பும் நீலமும் இருந்தன, வெளியே இருந்த புல்லின் பச்சைகூட உள்சுவரில் லேசாகப் பட்டிருந்தது. மூன்றாம் நாள், மோட்டாரில் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தினார். அங்கே வேலை பார்த்தவராம். ரப்பர் ஷீட்டைக் கழியில் தொங்கவிட்டு, கீழே கட்டையை எரித்துப் புகையூட்டினால் நாலைந்து நாளில் வெள்ளை ஷீட் தேன் நிறத்துக்கு வந்துவிடும் என்றார். சூடு 60 டிகிரியைத் தாண்டிவிடாமல் ராத்திரியும் யாராவது பார்த்துக்கொண்டே இருக்கவேண்டுமாம். கூரை முகட்டில் அலங்காரம் என்று நினைத்து நான் வரைந்திருந்த குட்டிக் கூரை, புகை போகிற வழி. அதைத் திறந்து மூடும் கயிறு எந்தப் பக்கம் தொங்கும் என்றுகூடக் காட்டினார். அவர் போனபிறகு வாசலில் பூசியிருந்த கறுப்பைக் கத்தியால் வழித்து எடுத்துவிட்டு, பர்ன்ட் அம்பர் பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்து மறுபடி வரைந்தேன். நாற்பது வருஷப் புகை ஏறிய சுவர் அது. வீட்டில் உட்கார்ந்து வரைந்திருந்தால் அந்த மோட்டார் என் பக்கத்தில் நின்றிருக்காது.

வெளியில் ஆயிலைத் தூக்கிக்கொண்டு போவதற்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. முன்பெல்லாம் அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற ஓவியர் அமுக்கினால் வரும் வெள்ளீய டியூபைக் கொண்டுவந்தார். பேராக்கில் நாம் தோண்டி எடுத்த அதே வெள்ளீயம். ரப்பரும் அப்படித்தான். அது பென்சில் கோட்டை அழிக்கும் என்று ஜோசப் பிரீஸ்ட்லி 1770-இல் அச்சில் குறிப்பிட்டது பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரத்தைக் காட்டி வரையும் முறை பற்றிய ஒரு நூலில். தேய்த்து அழிப்பதால்தான் ஆங்கிலத்தில் அதற்கு அந்தப் பெயரே வந்தது. வரிசையாகப் பத்து வாசல், பத்துத் தூண் என்று ஓடுகிற லயத்துக்குக் கோடு போட்டு அழிக்கும்போதெல்லாம் பால் வெட்டிய என் அப்பாவின் கை எனக்கு ஞாபகம் வரும்.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். மரியான் நார்த் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1876-இல் சரவாக்குக்கு வந்து, அந்தப் புழுக்கத்தில் காட்டையும் பூக்களையும் ஆயிலில் வரைந்தார். அவருடைய 800-க்கும் மேற்பட்ட படங்கள் லண்டனில் கியூ தாவரவியல் பூங்காவில், 1882-இல் திறந்த ஒரு கூடத்தில், சுவரே தெரியாத அளவுக்கு நெருக்கமாகத் தொங்குகின்றன. அதே 1876-இல்தான் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை அதே கியூவுக்குக் கொண்டுவந்தார். மறுவருஷம் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன, சில பேராக்கிலுள்ள கோலகங்சாருக்கு வந்தன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது, எங்கள் ஊரிலிருந்து காடியில் அரை மணிகூட ஆகாது. நம் பக்கத்துக் காடு படமாக அங்கே போனது. அங்கிருந்து வந்த கன்று நம் தாத்தா பாட்டியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. காட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார ஒருவர் கடல் தாண்டி வந்தார். லயத்துக்கு முன்னால் நாம்தான் உட்காரவேண்டும்.

இப்போது அம்மா கேட்டதற்கு வருகிறேன். அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் நிஜமாகவே கேட்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் வரைந்தது எந்த நேரம்? காலை ஏழரையிலிருந்து பத்துக்குள். அந்த நேரத்தில் உங்கள் அம்மா வீட்டில் இருந்ததே இல்லை. இருட்டோடு எழுந்து, வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மரத்துக்குப் போயிருப்பார். வெயில் ஏறுவதற்குமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். சாய்ந்த வெயில் சுவரில் விழுந்து, தூண் நிழல் நீளமாக வாசலில் படுத்திருக்கும் அந்த லயத்தை, பிள்ளைகளும் கிழவிகளும் பார்த்திருப்பார்கள். அவர் பார்த்தது ஞாயிறோ பெருநாளோ வந்தால் உண்டு. பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு அவர் திரும்பும்போது உச்சி வெயில். நீங்கள் 'எல்லாம் வெளுத்துப் போகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் அவருக்குத் தெரிந்த வீடு.

இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. நான் பிறந்த லயத்தைக் காலை வெளிச்சத்தில் வரைந்து என் அண்ணனிடம் காட்டினேன். "தண்ணிக்குழாய் எங்கே?" என்றார் முதலில். எட்டு வீட்டுக்கும் ஒரே குழாய். படத்தின் நடுவில் குத்திக்கொண்டு நிற்கிறதே என்று நான்தான் அதை விட்டுவிட்டேன். அப்புறம், "அம்மா வர்ற நேரத்துல நிழல் இவ்வளவு நீளமா இருக்காதே" என்றார். மறுபடி போய் வரைந்தேன், குழாயோடு, பகலில்.

ஆகவே அந்த லயத்தை இன்னும் ஒருமுறை வரையுங்கள். மற்றப் படங்களுக்குப் பத்தரையோடு மூட்டை கட்டுவது சரி. இதற்கு மட்டும் பகலில் போங்கள். 1982 ஜனவரி 1 அன்று மலேசியத் தீபகற்பத்து நேரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள், அதனால் இப்போது நம் கடிகாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது ஒன்றேகாலை ஒட்டித்தான். பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை போதும். தொப்பி, தண்ணீர், நிழல் மூன்றும் இல்லாமல் நிற்காதீர்கள். மழை கறுத்தால் உடனே கிளம்பிவிடுங்கள். அந்த வெளிச்சத்தை வரைவது கஷ்டம்தான். தகரக்கூரையை ஏறக்குறைய வெள்ளையாகவே விட்டுவிடுங்கள், வானத்தில் நீலம் தேடாதீர்கள், இறவாணத்துக்குக் கீழே விழும் குட்டை நிழலில் மட்டும் இருட்டை வையுங்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே, ரூவான் நகரத்துத் தேவாலயத்தை 1892, 93-இல் முப்பதுக்கும் மேற்பட்ட துணிகளில் வரைந்தார், வெளிச்சம் மாறமாற ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பார். உங்களுக்கு இரண்டு பலகை போதும்: உங்களுடைய காலை, அம்மாவுடைய பகல்.

முடிந்தால் அம்மாவையும் கூட்டிப்போங்கள். போகுமுன் தோட்ட ஆப்பீசில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், காவலர் தடுக்கமாட்டார். அம்மாவுக்கு நிழலில் ஒரு நாற்காலி போட்டு, எது விட்டுப்போயிருக்கிறது என்று கேளுங்கள். அடுப்புக்கரி ஏறிய சுவரா, கால்வாயா, முருங்கையா, அவருக்குத்தான் தெரியும். ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 22-இல் மேகங்களை ஆயிலில் வரைந்து, தேதியும் நேரமும் காற்றடித்த திசையும் எழுதிவைத்தார். நீங்களும் பலகைக்குப் பின்னால் எழுதுங்கள்: தோட்டத்தின் பேர், அதில் எந்த டிவிஷன் (பிரிவு), எத்தனையாவது வீடு, அம்மா பேர், அவர் எந்த நிரையில் (மர வரிசையில்) வெட்டினார். பென்சிலில் எழுதுங்கள், மை ஊறும்.

காலைப் படத்தைக் கழற்றவேண்டாம். பகல் படம் காய்ந்ததும் பக்கத்திலேயே மாட்டிவிட்டு, அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா
சுங்கை சிப்புட்