இரண்டு ரேம் போட்டேன், ஒன்றுதான் தெரிகிறது

வீட்டிலேயே லினக்ஸ் சர்வர் கட்டியவர்கள் பலர் இதே புகாரோடு வந்திருக்கிறீர்கள், மாட்டிய ரேம் முழுசாகத் தெரியவில்லை என்று. ஜெலுத்தோங் வீட்டில் நானும் இதோடு மல்லுக்கட்டியவன்தான். வாருங்கள், கேட்டவரின் ஊர் பெயரோடு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செந்தூல்: அண்ணா, இரண்டு 16 ஜிபி போட்டேன், ஃப்ரீ கட்டளை 15 தான் காட்டுகிறது. உபுண்டுவை அழித்துவிட்டுத் திரும்பப் போடலாமா?

வேண்டாம் தம்பி, உபுண்டு பாவம். முதலில் பயோஸுக்குள் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் போர்டின் மென்பொருள்) போய்ப் பாருங்கள். அங்கேயே 16 என்றால் லினக்ஸ் என்ன செய்யும், பயோஸ் கொடுக்கும் மெமரி வரைபடத்தை வைத்துத்தானே அதன் மையமான கர்னல் எழுந்திருக்கிறது (டிமெசேஜ் கட்டளை ஓட்டினால் ஆரம்ப வரிகளில் இ820 என்று வரும், அதுதான்). அப்புறம் சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு டிஎம்ஐடிகோட் கட்டளை ஓட்டுங்கள், எந்த ஸ்லாட்டில் எத்தனை ஜிபி, எது காலி என்று வரும். காலி என்று வந்த ஸ்லாட்டில் ரேம் உட்கார்ந்திருந்தால், பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, இரண்டு ரேமையும் ஒரே ஸ்லாட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இரண்டும் தெரிந்தால் ரேம் மேல் தப்பில்லை.

அதே தம்பி: ரேம் இரண்டும் நல்லது. ஆனால் பி1, பி2 ஸ்லாட் இரண்டிலும் எதைப் போட்டாலும் தெரியவில்லை. போர்டு போச்சா?

அவசரப்படாதீர்கள். ஒரு சேனல் (ஒரே பாதையைப் பகிரும் பி1, பி2 போன்ற ஸ்லாட்டுகள்) முழுக்கக் காணவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது சிபியு உட்காரும் இடத்தை. ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் இப்போதெல்லாம் சிபியுவுக்குள்ளேயே இருக்கிறது, ஸ்லாட்டிலிருந்து போகும் கம்பிகள் அங்கேதான் முடிகின்றன, ஒரே ஒரு பின் வளைந்தாலும் அந்தப் பக்கம் இருட்டாகிவிடலாம். எனக்கு நடந்தது இன்னும் அசிங்கம். கூலரின் ஒரு பக்கத் திருகை மட்டும் முறுக்கு முறுக்கென்று முறுக்கிவிட்டேன், மூன்று நாள் ரேமைத் திட்டிக்கொண்டே இருந்தேன், கடைசியில் திருகைக் கொஞ்சம் தளர்த்தியதும் 32 ஜிபியும் சிரித்துக்கொண்டு வந்து நின்றது. அதனால் முதலில் கூலர். பிறகு சிபியுவைத் தூக்கி, கைபேசி வெளிச்சத்தில் சாய்த்துப் பின்களைப் பாருங்கள். இன்டெல் என்றால் பின் போர்டில் இருக்கும், ஏஎம்4 ரைசன் என்றால் சிபியுவின் அடியில்.

பிரிக்பீல்ட்ஸ்: பழைய சர்வர் ரேம் மலிவாகக் கிடைத்தது, ஸ்லாட்டில் அழகாக உட்காருகிறது, ஆனால் மெஷின் எழவே மாட்டேன் என்கிறது.

உட்காரும், டெஸ்க்டாப்போ சர்வரோ, டிடிஆர்4 வகை ரேமுக்கு 288 பின்தான். ஸ்டிக்கரில் வேக எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஆர்’ எழுத்து இருக்கிறதா? அது சர்வருக்கான ரெஜிஸ்டர்ட் ரேம், சாதாரண டெஸ்க்டாப் போர்டில் வேலைக்கே ஆகாது. ‘யூ’ வேண்டும், இசிசி (பிழை திருத்தும் ரேம்) வேண்டுமென்றால் ‘ஈ’, அதையும் போர்டு ஏற்குமா என்று முதலில் பாருங்கள். அடுத்த முறை லோ யாட் கணினிக் கடைகளுக்குப் போனால் விலைக்கு முன்னால் ஸ்டிக்கரைப் படியுங்கள்.

பட்டர்வொர்த்: 8 ஜிபியில் 7.5 தான் வருகிறது.

சரியாகத்தான் இருக்கிறது. மிச்சத்தை உள் கிராபிக்ஸும் கர்னலும் எடுத்துக்கொண்டன.

தஞ்சோங் தோக்கோங்: பல மாதம் நன்றாக ஓடிவிட்டு ஒரு ரேம் மறைகிறது. கழற்றி மாட்டினால் திரும்ப வருகிறது.

கடற்கரை வீடு, ஜன்னல் திறந்தே இருக்கும், சரிதானே? உப்புக் காற்றும் ஈரமும் தொடும் முனைகளில் படிந்துவிடும். அழிரப்பரால் தேய்க்கச் சொல்வார்கள், எனக்குப் பிடிக்காது, தங்கப்பூச்சு மிக மெல்லியது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் போதும். துடைத்த பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரல் ஓர் இரவு முழுக்க ஓடட்டும். 2022-ல் வந்த ஆறாம் பதிப்பு முதல் அது யூஇஎஃப்ஐயிலும் (பழைய பயோஸுக்குப் பதிலாக வந்த புது வகை) எழும்.

பாயான் லெப்பாஸ்: புது டிடிஆர்5, 48 ஜிபி இரண்டு. ஆன் செய்தால் திரை கறுப்பு, உடனே அணைத்துவிட்டேன்.

அக்கா, 1972-லேயே இன்டெல் வந்து இறங்கிய ஊரில் இருந்துகொண்டு இவ்வளவு அவசரமா! டிடிஆர்5 முதல் முறை தன்னைத் தானே அளந்து பார்த்துக்கொள்ளும், அதற்குச் சில நிமிஷம் பிடிக்கும். ஆன் செய்துவிட்டு ஒரு கோப்பி ஓ கலக்கிக் குடியுங்கள், ஒரு கால் மணி நேரம் தொடவே வேண்டாம். அப்போதும் கறுப்பு என்றால் பயோஸ் பழசாக இருக்கலாம், 48 ஜிபி ரேம் பின்னால் வந்தது, முதலில் வந்த பயோஸ்களுக்கு அதைத் தெரியாது. யாரிடமாவது 16 ஜிபி ஒன்று கடன் வாங்கிப் போட்டு பயோஸைப் புதுப்பித்துவிட்டு, உங்களுடையதை மாட்டுங்கள்.